பத்து மணிக்கும் ஒன்று பத்துக்கும் நடுவே

முப்பத்தெட்டு வயதில் எம்.ஏ. தமிழ் படிக்கச் சேர்ந்தேன். வகுப்பு சனி, ஞாயிறு சாயங்காலம் மட்டும். மற்ற நேரங்களில் திருச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலை ஆறரைக்கெல்லாம் வெறும் வயிற்றோடு வந்து நிற்பவர்களுக்கு ரத்தம் எடுப்பதில் என் நாள் தொடங்கும்.

தன்வரலாற்று எழுத்து என்று ஒரு பாடம் இருந்தது. அதை எடுத்த பேராசிரியைக்கு என்னைவிட ஏழெட்டு வயது குறைவு. அவர் எங்களைக் கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு, அதோடு சேர்த்துத் தர வேண்டும் என்று ஒரு பக்கத்தாள் கொடுத்தார். மேலே ‘தன்மதிப்பீடு’ என்று அச்சடித்திருந்தது. கீழே ஐந்து கேள்விகள்.

“கட்டுரையைக் குடுக்கறதுக்கு முன்னாடி இதை நிரப்பிடுங்க. உங்க கட்டுரைக்கு நீங்களே மார்க் போடுங்க. நானும் போடுவேன். ரெண்டுக்கும் அஞ்சு மார்க்குக்கு மேல வித்தியாசம் இருந்தா கட்டுரை திரும்பி வந்துடும்” என்றார். பின்வரிசையில் யாரோ, அப்படியென்றால் எல்லோரும் நடுவில் ஒரு மார்க் போட்டுவிடலாமே என்றார்கள். அவர் சிரிக்கவில்லை. “முதல் நாலு கேள்விக்கு ஒழுங்கா பதில் எழுதினா நடுவுல போட முடியாது” என்றார்.

சனிக்கிழமை நாலு மணிக்குள் தர வேண்டும். நான் வியாழக்கிழமையே எழுதி முடித்துவிட்டேன். ஆறு பக்கம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த நாளைப் பற்றியது.

அப்பா வையம்பட்டியில் விவசாயம் பார்த்தவர். அம்மா போன பிறகு காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஸ்ரீரங்கத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நான் எடமலைப்பட்டி புதூரில் இருக்கிறேன். கட்டுரையில் வரும் நாள், அதை எழுதியதற்கு இரண்டரை வருஷம் முந்தையது. அண்ணி காலை எட்டரைக்கு ஒரு வளைகாப்புக்காகத் திருவெள்ளறைக்குக் கிளம்பிப் போனார். அண்ணன் வேலைக்குப் போய்விட்டான். அப்பா வீட்டில் தனியாக இருந்தார். ஒன்று பத்துக்கு நான் போய்ப் பார்த்தபோது குளியலறை வாசலில் கிடந்தார். ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, ஸ்கேன் அறை வாசல், அப்பாவின் கோணிப்போன வாய். எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். எழுதும்போது இரண்டு இடத்தில் எனக்கே கண் கலங்கியது. நல்ல கட்டுரை என்று நம்பினேன்.

சனிக்கிழமை காலை கூட்டம் குறைந்த பிறகு, வரவேற்பு மேஜையில் இருக்கும் பெண்ணிடம் அதைப் படிக்கக் கொடுத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாள்களைத் திருப்பித் தந்தாள்.

“ரொம்ப நல்லா இருக்கு அக்கா. உங்க அண்ணி மாதிரி எல்லா வீட்லயும் ஒரு ஆள் இருக்காங்க. மயக்கம் வர்ற மனுஷனை விட்டுட்டு எப்படித்தான் போக மனசு வந்துச்சோ.”

நான் அண்ணியைத் திட்டி ஒரு வரிகூட எழுதவில்லை. ‘அண்ணி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினார்’ என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். அண்ணி கிளம்பியதை நான் பார்க்கவும் இல்லை. பட்டுப்புடவையைப் பார்த்தது மத்தியானம் ஆஸ்பத்திரியில்.

பத்தரை மணிக்கு, சோதனைக் குழாய்கள் வைக்கும் மேஜையின் ஓரத்தில் தன்மதிப்பீட்டுத் தாளை விரித்தேன். முதல் கேள்வி, காலவரிசை சரியாக இருக்கிறதா என்பது. பென்சிலை எடுத்துக் கட்டுரையில் எங்கெல்லாம் நேரம் வருகிறதோ அங்கெல்லாம் ஓரத்தில் குறித்தேன். எட்டரை. அடுத்து ஒன்று பத்து. பிறகு ஒன்று இருபத்தைந்து, இரண்டு மணி, இரண்டரை. மத்தியானம் முழுக்கக் கால் மணிக்கு ஒரு குறிப்பு. காலையில் ஒன்றுமே இல்லை.

இரண்டாவது கேள்வி: ‘படிப்பவர் கேட்கக்கூடிய, உங்கள் கட்டுரை பதில் சொல்லாத ஒரு கேள்வியை எழுதுக.’

அதை யோசிக்கவே தேவையிருக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை, வேலைநாளில், ஒன்று பத்துக்கு நான் ஏன் ஸ்ரீரங்கத்துக்குப் போனேன்? கட்டுரையில் நான் திடீரென்று அந்த வாசலில் வந்து நிற்கிறேன். எதற்காக வந்தேன் என்று ஒரு சொல் இல்லை.

பேனாவை மூடி வைத்தேன். ரத்தம் கொடுக்க ஒரு பெரியவர் வந்தார். நரம்பு கிடைக்காமல் இரண்டு தடவை குத்திவிட்டேன். பதினைந்து வருஷ வேலையில் எனக்கு அது அபூர்வம். அவர் கையைத் தேய்த்துக்கொண்டார்.

அன்றைக்கு நடந்தது இதுதான். வளைகாப்பு, அண்ணியின் அக்கா மகளுக்கு. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அப்பாவுக்குத் தலைசுற்றல் இருந்தது. பிரஷர் மாத்திரையை மாற்றியிருந்தார்கள். முந்தின நாள் அண்ணி எனக்குப் போன் செய்தார். “எட்டரைக்கு நான் கிளம்பறேன். மூணு மணிக்கெல்லாம் வந்துடுவேன். நீ பத்து மணிக்கு வந்து மாமாகூட இருக்க முடியுமா? முடியலேன்னா சொல்லிடு, நான் போகலை” என்றார். நான், “லீவு போட்டுட்டு வந்துடறேன் அண்ணி, நீங்க நிம்மதியாப் போய்ட்டு வாங்க” என்றேன்.

லீவு போட்டேன். காலையில் கணவரும் மகளும் கிளம்பிப் போனார்கள். வீடு அமைதியாகிவிட்டது. எனக்கு அப்படி ஒரு காலை கிடைத்து எத்தனையோ நாளாகியிருந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் போனால் என்ன என்று நினைத்தேன். காபி போட்டுக் குடித்தேன். ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு புத்தகம் படித்தேன். பதினொன்று ஐந்துக்கு அப்பா கூப்பிட்டார். எங்கே வருகிறாய் என்று கேட்பார், இன்னும் கிளம்பவே இல்லை என்று சொல்ல வேண்டிவரும் என்று அழைப்பைத் துண்டித்தேன். ஏழு நிமிஷம் கழித்து மறுபடியும் கூப்பிட்டார். அடிக்கட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகும் அவசரப்படவில்லை. பன்னிரண்டு மணி தாண்டித்தான் பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: “கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?”

“காலையில எட்டரைக்கு. அண்ணி கிளம்பறப்ப நல்லா இருந்தாராம்.”

“அதுக்கப்புறம் யாரும் பார்க்கலையா, பேசலையா?”

“இல்ல டாக்டர். வீட்ல யாரும் இல்ல.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி ஒன்று இருக்கிறது என்றும், நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்றும், எட்டரையிலிருந்து கணக்குப் பார்த்தால் தாண்டிவிட்டது என்றும் சொன்னார். சொல்லிவிட்டு ஸ்கேன் அறைக்குப் போனார். திரும்பி வர ஒரு பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அந்தப் பத்து நிமிஷமும் என் போன் என் கையில்தான் இருந்தது. பதினொன்று ஐந்துக்கு அவர் போன் எடுத்து என் எண்ணை அழுத்தியிருக்கிறார் என்று நான் சொல்லியிருக்கலாம். அப்போது மணி இரண்டைத் தாண்டிச் சில நிமிஷங்கள்தான், அந்தப் போன் வந்து மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது. நான் சொல்லவில்லை.

சொன்னால், ஏன் எடுக்கவில்லை என்று கேட்பார்கள். அதுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, வையம்பட்டியிலிருந்து சாயங்காலமே வந்துவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் காதிலும் விழும்படி, “மயக்கம் வருதுன்னு தெரிஞ்சும் மனுஷனைத் தனியா விட்டுட்டு வளையல் அடுக்கிக்கப் போயிருக்கா” என்றார். அண்ணி அதே பட்டுப்புடவையில், கை நிறைய வளைகாப்பு வளையல்களோடு நின்றுகொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அதன் பிறகு அண்ணன் இரண்டு மாதம் அண்ணியோடு சரியாகப் பேசவில்லை. அண்ணி எந்த விசேஷத்துக்கும் போவதை நிறுத்திவிட்டார். அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்தபோதுகூடப் போகவில்லை.

மூன்றாவது கேள்விக்கு நேரே, ‘நீங்கள் அறிந்தே விட்டது என்ன?’ என்பதற்குக் கீழே, மூன்று கோடு போட்டு இடம் விட்டிருந்தார்கள். எனக்கு அது போதாது. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன். எழுத்து சாய்ந்துகொண்டே போனது. பதினொன்றேகாலுக்கு முடித்தேன். நான்காவது கேள்வி, ‘இதில் வரும் யாராவது இதைப் படித்தால் மறுப்பார்களா?’ அதற்கு ‘என் அண்ணி’ என்று எழுதினேன். ஐந்தாவதான மதிப்பெண் இடத்தைக் காலியாக விட்டேன்.

சனிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் ஸ்ரீரங்கம் போய் மூன்று மணி வரை அப்பாவைப் பார்த்துக்கொண்டு, அங்கிருந்து வகுப்புக்குப் போவது என் வழக்கம். அன்றும் பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தில் பஸ் நின்று நின்று போனது. கட்டுரையை மட்டும் கொடுத்துவிட்டு, வேறொரு தாளை வாங்கி எல்லாக் கேள்விக்கும் ‘ஆம், இல்லை’ என்று எழுதிவிடலாமா என்று யோசித்தேன். பாலம் முடிவதற்குள் நாலு தடவையாவது அப்படி முடிவு செய்து, நாலு தடவையும் மாற்றினேன்.

அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் அண்ணன் வீடு. தரைத்தளம். கூடத்தில் கட்டிலில் அப்பா. வலது கையும் காலும் வராது. பேச்சில் ‘ஆமா’ என்ற ஒரு சொல்தான் தெளிவாக வரும். பசித்தாலும் ஆமா, வேண்டாம் என்றாலும் ஆமா. முகத்தைப் பார்த்துத்தான் என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அண்ணி சமையலறையில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். நான் போய்க் கதவோரம் நின்றேன்.

“அண்ணி, காலேஜுக்கு ஒரு கட்டுரை எழுதியிருக்கேன். அப்பாவுக்கு முடியாமப் போன அன்னிக்கு நடந்தது. நீங்களும் அதுல வர்றீங்க. குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க படிக்கணும்.”

அண்ணி அடுப்பைக் குறைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே நின்றபடி படித்தார். ஆறு பக்கம். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுத் தாள்களை ஒன்றாகத் தட்டி என்னிடம் தந்தார்.

“நல்லா எழுதியிருக்கே. உங்க அத்தை சொன்னதையே இன்னும் அழகா எழுதியிருக்கே.”

“நான் பத்து மணிக்கு வரேன்னு சொன்னது இதுல இல்ல அண்ணி.”

“தெரியுது.”

“நீங்க ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

அண்ணி அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார். “யார் சொன்னா சொல்லலைன்னு? அன்னிக்கே ஆஸ்பத்திரியில உங்க அண்ணன்கிட்ட சொன்னேன். உங்க தங்கச்சி வரேன்னு சொன்னா, அதான் போனேன்னு. ‘உன் தப்புக்கு அவ மேல பழி போடாதே’ன்னாரு. அவளைக் கேட்டுப் பாருங்கன்னேன். அழுதுக்கிட்டு நிக்கறவகிட்ட இதையெல்லாம் கேட்க முடியுமான்னு விட்டுட்டாரு.”

இது எனக்குத் தெரியாது. அண்ணன் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

“அதுக்கப்புறமாவது என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே அண்ணி.”

“கேட்டிருக்கலாம். நீ இல்லேன்னு சொல்லியிருப்பே. சண்டை வந்திருக்கும். நீ வர்றதை நிறுத்தியிருப்பே.” ரசத்தை இறக்கி வைத்தார். “சனிக்கிழமை நீ வர்ற அந்த மூணு மணி நேரம்தான் நான் ஒழுங்காக் குளிச்சுட்டுக் கொஞ்சம் தூங்கறேன். அதையும் கெடுத்துக்கணுமா?”

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“அதெல்லாம் வேணாம். அண்ணி மன்னிச்சுட்டாங்கன்னு கடைசியில ஒரு வரி எழுதிடாதே, அவ்வளவுதான். ரெண்டேகாலுக்கு உங்க அண்ணன் வருவாரு. எழுதிக் குடுக்கறதுக்கு முன்னாடி அவர்கிட்ட சொல்லிட்டுப் போ.”

மணி ஒன்று. அப்பாவுக்குச் சோறு பிசைந்து ஊட்டினேன். அண்ணி வழக்கம்போல் குளிக்கப் போனார். ஆனால் தூங்கவில்லை. முன்னறையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். கட்டுரையும் அந்தத் தாளும் என் பையில் இருந்தன. அண்ணி அறிந்தது பாதிதான். போன் வந்ததும், டாக்டரிடம் நான் சொன்னதும் அவருக்குத் தெரியாது. அதை விட்டுவிட்டு மீதியைச் சொல்லலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. வரேன் என்று சொன்னேன், தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான். அதற்கே அண்ணன் கத்துவான், பிறகு ஆறிவிடுவான். அண்ணிக்கும் நியாயம் கிடைத்துவிடும். அப்படிச் சொல்வதற்கான வாக்கியங்கள்கூட மனசில் தயாராகிவிட்டன. வியாழக்கிழமை கட்டுரை எழுதியபோதும் வாக்கியங்கள் இப்படித்தான் தயாராக வந்தன.

இரண்டு இருபதுக்கு வாசலில் பைக் சத்தம் கேட்டது. அண்ணன் துவாக்குடிப் பக்கம் ஒரு இரும்புப் பட்டறையில் சூப்பர்வைசர். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தான்.

“என்ன பாப்பா, கிளாஸுக்கு நேரமாகலையா?” என்றான். எனக்கு எத்தனை வயதானாலும் அவனுக்கு நான் பாப்பாதான்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போகலாம்னு இருக்கேன்.”

கூடத்துக் கட்டிலில் அப்பா விழித்திருந்தார். அறைக்குள் போய்ச் சொல்லலாமா என்று தோன்றியது. பிறகு, அவருக்கும்தான் தெரிய வேண்டும் என்று அங்கேயே சொன்னேன்.

“அன்னிக்குப் பத்து மணிக்கு நான் இங்க வர்றதா அண்ணிகிட்ட சொல்லியிருந்தேன். அவங்க உன்கிட்ட சொன்னது நிஜம்.”

அண்ணன் பிசைந்த சோற்றோடு கையை நிறுத்தினான். அண்ணி மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

“ஏன் வரலை?”

“வீட்ல சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். வேலை ஒண்ணும் இல்ல. மெதுவாப் போலாம்னு இருந்துட்டேன்.”

இங்கே நிறுத்திக்கொள்ளலாம். அந்த இடத்தில் எனக்கு ஒரு மூச்சு நேரம் கிடைத்தது.

“இன்னும் இருக்கு. அப்பா எனக்குப் போன் பண்ணினாரு. பதினொண்ணு அஞ்சுக்கு ஒண்ணு. அப்புறம் பதினொண்ணு பன்னெண்டுக்கு. நான் எடுக்கலை.”

“ஆமா” என்றார் அப்பா.

மூன்று பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எந்த ஆமா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

“டாக்டர் கேட்டாரில்ல, கடைசியா எப்ப நல்லா இருந்தாருன்னு. அந்தப் போன் வந்ததை நான் சொல்லலை. சொல்லியிருந்தா அந்த ஊசியைப் போட்டிருக்கலாம். போட்டிருப்பாங்களான்னு தெரியாது. ஆனா நான் சொல்லலை.”

முதலில் எழுந்தது அண்ணி. மடியிலிருந்த துணி கீழே விழுந்தது. அதை எடுக்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டரை வருஷமாக அப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்தவர், துடைத்து விட்டவர், ஊட்டியவர் அவர். அந்த ஊசியால் யாருக்கு என்ன மாறியிருக்கும் என்று அவருக்குத்தான் எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். உள்ளே அவர் அழும் சத்தம் கேட்டது. அத்தை வராந்தாவில் அவ்வளவு பேசியபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அண்ணன் தட்டிலேயே கையைக் கழுவினான். “அவ சொன்னா” என்றான். யாரிடம் சொல்கிறான் என்று தெரியவில்லை. “அன்னிக்கே சொன்னா. நான்தான் வாயை மூடுன்னேன்.”

“அண்ணா…”

“நீ கிளம்பு. உன் கிளாஸுக்கு நேரமாச்சு.”

“அப்பாவுக்கு மூணு மணி மாத்திரை…”

“நான் குடுக்கறேன். கிளம்பு.”

குரலை உயர்த்தவே இல்லை. நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். செருப்பை மாட்டும்போது கால் சரியாக நுழையவில்லை. கையில் எடுத்துக்கொண்டு சந்து முனைவரை வெறுங்காலில் நடந்து, அங்கே நின்று மாட்டினேன்.

வந்த பஸ்களில் ஏறாமல் நிறுத்தத்திலேயே வெகுநேரம் நின்றுவிட்டேன். கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலு இருபது. வகுப்பு தொடங்கிவிட்டது. வாசலில் நின்றேன். பேராசிரியை பாடத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, தாமதத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

“எழுதலையா?”

“எழுதியிருக்கேன் மேடம். மார்க் மட்டும் போடலை. ஒரு நிமிஷம் குடுங்க.”

சுவரில் தாளை வைத்து ஐந்தாவது கேள்விக்கு இருபத்தைந்துக்கு ஐந்து என்று எழுதினேன். ஏன் என்ற இடத்தில், ‘வாக்கியங்கள் நன்றாக இருக்கின்றன. நடந்தது இதுவல்ல’ என்று எழுதினேன். கட்டுரையை மாற்றாமல் அப்படியே தந்தேன்.

அவர் தாளின் பின்பக்கத்தை அங்கேயே படித்தார். ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார், மறுபடியும் படித்தார்.

“வீட்ல சொல்லிட்டீங்களா?”

“இப்பத்தான் சொல்லிட்டு வரேன்.”

“உள்ள வந்து உட்காருங்க. இன்னிக்கு எதுவும் எழுத வேண்டாம்.”

அடுத்த வாரம் கட்டுரை திரும்பி வந்தது. அவர் பதினொன்று போட்டிருந்தார். வித்தியாசம் ஆறு, அதனால் திரும்ப எழுத வேண்டும். ஓரத்தில் ஒரே ஒரு குறிப்பு இருந்தது: ‘பட்டுப்புடவையை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?’ பின்பக்கத்தில் எழுதியதைப் பற்றி அவர் எதுவும் எழுதவில்லை. வகுப்பிலும் ஒருபோதும் பேசவில்லை. அதற்காக இன்றும் அவரிடம் எனக்கு நன்றி உண்டு.

அண்ணனிடம் சொன்ன அன்று இரவே கணவரிடமும் சொன்னேன். அவர், “அத்தையும் மத்தவங்களும் இன்னும் அதையேதானே பேசறாங்க. அவங்களுக்கு யார் சொல்றது?” என்றார். மறுநாள் காலை அத்தைக்குப் போன் செய்தேன். அவர் முழுக்கக் கேட்டார். “இப்ப எதுக்கு இதையெல்லாம் கிளறிக்கிட்டு? நடந்தது நடந்துபோச்சு” என்றார். அண்ணியிடம் ஒரு வார்த்தை பேசுங்கள் என்றேன். தன்னைவிட வயதில் சின்னவளிடம் போய் என்ன பேசுவது என்றார். நான் விடவில்லை. தொடர்ந்து மூன்று நாள் கூப்பிட்டேன். கடைசியில் அவர் அண்ணிக்குப் போன் செய்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் விசாரித்தாராம். இன்னும் நாலைந்து உறவுக்காரர்களுக்கும் நானே சொன்னேன். சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர் அதன் பிறகு என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை போகலாமா வேண்டாமா என்று தெரியாமலேயே போனேன். கதவைத் திறந்த அண்ணி நகர்ந்து வழிவிட்டார். அண்ணன் நான் இருக்கும் நேரத்தில் வீட்டுக்கு வருவதில்லை. மூன்று மணிக்கு நான் சந்து முனையைத் தாண்டும்போது சில நாள் எதிரே பைக்கில் வருவான். பார்க்காததுபோல் போய்விடுவான். அப்படி நாலு மாதம் போயிற்று.

அதற்குள் கட்டுரையைப் புதிதாக எழுதினேன். ஒன்பது பக்கம் வந்தது. காபி, ஜன்னல், புத்தகம், இரண்டு போன், டாக்டரின் கைக்கடிகாரம். முடித்ததும் அண்ணியிடம் கொடுத்தேன். இந்தத் தடவை உட்கார்ந்து படித்தார். ‘நான் கொடிய பாவி’ என்று ஒரு வரி இருந்தது. அதன் மேல் விரலை வைத்து, “இது எதுக்கு? இதைப் படிச்சா எல்லாரும் உன்மேல பரிதாபப்படுவாங்க” என்றார். அடித்துவிட்டேன்.

ஒருநாள் அண்ணன் பரிசோதனை நிலையத்துக்கே வந்தான். வரவேற்பில் என் பேரைச் சொல்லி, வெளியே மரத்தடியில் நின்றான். நான் கையுறையைக் கழற்றிவிட்டுப் போனேன்.

“டாக்டரைப் பார்த்தேன்” என்றான். “பழைய ஃபைலை எடுத்துட்டுப் போய்க் கேட்டேன். பதினொரு மணிக்குப் போன் வந்தது தெரிஞ்சிருந்தா போட்டிருப்பீங்களான்னு. யோசிச்சிருப்போம்னாரு. போட்டா சரியாகியிருக்குமான்னேன். சிலருக்கு ஆகும், சிலருக்கு ஆகாது, இப்ப சொல்ல முடியாதுன்னாரு.”

நான் தலையாட்டினேன்.

“அவ்வளவுதான். உனக்கும் தெரியணும்னு வந்தேன்.” பைக்கில் ஏறி உட்கார்ந்தான். கிளப்பவில்லை. “உன்மேல இருக்கற கோபம் ஒரு பக்கம். அவளை நான் நம்பலையே, அதுதான் எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. அதை உன்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது.” கிளம்பிப் போனான்.

இப்போது என்னோடு பேசுகிறான். அப்பாவின் மாத்திரை, படுக்கைப் புண், பிசியோதெரபிக்கு வருபவர் வராமல் போவது, இவற்றைப் பற்றி மட்டும். பாப்பா என்று கூப்பிடுவதில்லை.

சனிக்கிழமைகளில் நான் போய்ச் சேரும்போது அண்ணி புடவை மாற்றிக்கொண்டு தயாராக இருப்பார். முன்புபோல் தூங்குவதில்லை, வெளியே கிளம்பிவிடுகிறார். சில நாள் திருவெள்ளறைக்கு, சில நாள் எங்கே என்றே தெரியாது. எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை. சில சனிக்கிழமை என் வகுப்பே போய்விடும். அப்பாவுக்குச் சோறு ஊட்டி, வாயைத் துடைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, அவர் தூங்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.